அக்கா அறை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் பழையபடி பேனாவை எடுத்தேன். தாளில் 'ம்' கொட்டித் தப்பிக்க முடியாது.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் காலி செய்ய வேண்டும். நகரத்துக்குள் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடெல்லாம் நின்றால் தலை இடிக்கும், படுத்தால் கால் இடிக்கும். ரயில் பாதையோடு வெளியே போய்விடுவதென்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு ஊர்கள் மனதில் இருக்கின்றன. ஒன்று, ஆற்றுப் பாலம் தாண்டியதும் வருவது. பக்கம்தான், ஆனால் காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. மற்றது, பாதை முடிகிற கடைசி ஸ்டேஷன். ரொம்ப தூரம், ஆனால் ரயில் அங்கிருந்தே புறப்படுவதால் ஜன்னல் சீட் நிச்சயம். வீட்டில் 'பாலம்', 'கடைசி' என்று பெயரே வைத்துவிட்டோம். பெரியவள் பாலத்தின் கட்சி, பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதாம். சின்னவன் கடைசியின் கட்சி. எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவதைத் தினமும் பார்க்கலாமாம்.

உன் ஊர் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது. நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற உன் கண்ணுக்கு எந்த விரிசல் தப்பும்? விடுமுறை நாட்களில் வீடுகளைப் போய்ப் பார்த்துச் சொல்வாயா?

பாலத்தில் புரோக்கர் சொன்ன வீட்டின் வரைபடம் இதனுடன் இருக்கிறது. அலுவலகத்தில் ஊரார் சமையலறைக்கெல்லாம் அலமாரி வரைகிற கை, நமக்கென்று வரையும்போது ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை அழித்துப் போட்டது. பின்பக்கத்து அறையில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார். 'அக்கா அறை'. அந்தப் பேக்கரி மாடியில் நீ ஒண்டிக்கட்டையாக இருந்தது போதும். அப்பா போனபோது உன்னைக் கூட்டிவர எங்களிடம் இடம் இல்லை. இனி இருக்கும்.

பிள்ளைகள் முத்தம் தரச் சொன்னார்கள். தாளில் எப்படித் தருவது என்று தெரியவில்லை, எடுத்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

முத்தங்கள் கசங்காமல் வந்து சேர்ந்தன. முழங்கால் இருக்கிறது. இப்போது இரண்டு வார்த்தை, போதுமா?

பாலத்து வீட்டுக்குப் போனேன். தரை சுத்தம், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. முன் ஜன்னலில் நின்றால் பள்ளிக்கூடத்துச் சுவர் தெரிகிறது. பெரியவளுக்குக் கண் இருக்கிறது. உங்கள் அறையும் பிள்ளைகள் அறையும் லட்சணமாக இருக்கின்றன. நொட்டை சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பின்பக்கத்து அறையைத்தான் சொல்ல வேண்டும். காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அங்கே போக நான்கைந்து படி வேறு ஏற வேண்டும். என் முழங்காலுக்கு ஆகாது. அதை ஒதுக்கிவிட்டுச் சின்ன வீடாகப் பார்த்தாலும் தப்பில்லை.

புரோக்கர் பேசிப் பேசியே என்னைக் களைக்க வைத்துவிட்டார். "மேடம், இந்த வீட்டுல நீங்க மகாராணி மாதிரி இருக்கலாம்" என்றார். "மகாராணி படி ஏறுவாங்களா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் சற்று மூச்சு விட்டார்.

அடுத்த வீட்டைக் காட்டச் சொன்னால் புதன்கிழமை மட்டும் வேண்டாம். புதன் மாலை எனக்கு வேலை இருக்கிறது.

நர்ஸம்மாவைக் கேட்டதாகச் சொல். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவளைத் தூங்க விடு.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் நர்ஸம்மா, அதாவது என் மனைவி, கொட்டாவி விட்டுக்கொண்டே உன்னை விசாரித்தாள். மற்றபடி அனைவரும் நலம்.

காலை வெயில் கூடாது, படி கூடாது. இரண்டையும் குறித்துக்கொண்டேன். 'கடைசி'யில் ஒரு வீடு வந்திருக்கிறது, எல்லாம் தரைத்தளம். 'அக்கா அறை' வடக்குப் பார்த்தது, வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. வரைபடம் வைத்திருக்கிறேன். உன் கட்டிலை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் சரியாக வருகின்றன.

பயணத்தையும் பரிசோதித்துவிட்டோம். காலையில் கடைசியிலிருந்து இருவரும் ஏறினோம். சொன்னபடியே ஜன்னல் சீட். ஆனால் உட்கார்ந்துகொண்டே இருந்தோம், இருந்தோம், நகரம் வருகிற வழியாகத் தெரியவில்லை. இவள் பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்க எழுப்பாதீங்க, நான் இறங்குறப்ப எழுப்பிக்கிறேன்" என்றார்கள். கடைசிக்காரர்கள் நல்லவர்கள் போலத் தெரிகிறது.

முழங்காலுக்குச் சூடு வைக்கிறாயா?

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

வைக்கிறேன், வைக்கிறேன். உன் வேலையைப் பார்.

கடைசிக்குப் போய்வந்தேன். கூடம் விசாலம். பிள்ளைகள் ஓடி விளையாடலாம். ஆனால் உன் வடக்கு அறை ஒரே இருட்டு. பட்டப்பகலில் விளக்குப் போட்டால்தான் என் கையே எனக்குத் தெரிந்தது. அடுத்த சுவர் தச்சுப் பட்டறை, இழைக்கிற சத்தம் காதைக் கிழிக்கிறது. குளியலறையையும் எல்லோரோடும் பங்கு போட வேண்டியிருக்கும். உன் பெரியவள் கண்ணாடி முன்னால் நின்றாளென்றால் மற்றவர்கள் பல் தேய்த்த மாதிரிதான்.

திரும்பும்போது என் ஸ்டேஷனில் இறங்காமல் நானாகவே பாலம் வரை போய் இன்னொரு வீடு பார்த்தேன். சின்னதுதான், இரண்டே அறை. ஆனால் எவ்வளவு அழகு தெரியுமா? சமையலறையில் நின்றுகொண்டே வாசலைப் பார்க்கலாம். பள்ளிக்கூடம் தெருமுனையில். ரயிலில் நிற்பது கொஞ்ச நேரம்தானே, உங்கள் கால்களுக்கு என்ன வயதாகிவிட்டது? தம்பி, அதை எடுத்துவிடு. பார்த்ததுமே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நர்ஸம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா?

இரண்டே அறை என்கிறாய். நாங்கள் ஒன்றில், பிள்ளைகள் ஒன்றில். நீ எங்கே படுப்பாய், மொட்டை மாடியிலா? உனக்கு மனசு நிறைந்ததாம்! உனக்கென்று ஒரு மூலை இல்லாத வீட்டைப் பார்த்து நிறைகிற மனசை உன்னிடம்தான் பார்க்க முடியும். எனக்குத் தெரியாதா உன்னை? பிறந்ததிலிருந்து உனக்கென்று எதையும் கேட்டதில்லை. இந்தத் தடவை உன் பாச்சா பலிக்காது.

அறையில் இன்னும் என்னென்ன வேண்டும் என்று வெட்கப்படாமல் எழுது. அதென்ன புதன்கிழமை வேலை? கடையில் உன்னைக் கூடுதல் நேரம் பிழிகிறார்களா? நான் வந்து பேசட்டுமா?

தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காதில் தண்ணீர் புகுந்து ஒரே குடைச்சல். டாக்டர் மருந்து ஊற்றினார், இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லோரும் சௌக்கியமா? பரீட்சைக்குப் பிள்ளைகள் படிக்கிறார்களா?

என்ன வேண்டும் என்று கேட்டிருந்தாய். வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, ஆனால் வெளிச்சம் வேண்டும். சத்தம் ஆகாது. தனிக் குளியலறை வேண்டும். படி கூடாது. ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே இடத்தில் அமைவது கஷ்டம். அதனால் என்னை மனதில் வைத்துக்கொண்டு அலையாதே. உங்கள் நான்கு பேருக்கு எது சரி என்று மட்டும் பார்.

கடையில் யாரும் என்னைப் பிழியவில்லை. நீ வந்து பேசவும் வேண்டாம்.

உன் அக்கா

ஏப்ரல் 28

அக்கா! அக்கா!

நலம் விசாரிப்பு பிறகு. கிடைத்துவிட்டது!

கடைசியில்தான். வடகிழக்கில் அகலமான ஜன்னல், வெளியே ஒரு மரம், அதனால் வெளிச்சம் வரும், வெயில் வராது. தரைத்தளம். தனிக் குளியலறை. பின்னால் வெறும் மைதானம், ஒரு சத்தம் கிடையாது. ஸ்டேஷன் மணி அடித்தால் கேட்கும். உன் கடிதத்தை ஒரு கையிலும் பென்சிலை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை. புரோக்கர், "சார், இந்த அறை யாருக்கு? அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றார். என் அக்காவுக்கு என்று இரண்டு தடவை சொன்னேன்.

பள்ளிக்கூடம் தூரம். பஸ்ஸில் போக வேண்டும். பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், பழகிவிடுவாள். எங்களுக்கும் நாளில் பெரும்பகுதி ரயிலில் போய்விடும். இரவு ஷிஃப்ட் முடிந்து இவள் வீடு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிடும். பரவாயில்லை. நீ வீட்டில் இருக்கிறாய் என்றால் எதையும் சமாளித்துவிடலாம்.

மே பத்தாம் தேதி கையெழுத்து. அதற்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிடு. சந்தோஷமாக எழுது.

தம்பி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்துப் போடாதே. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மற்றதைப் படி.

அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். அறை நடுவில் நின்றேன். நான் சொன்ன ஒவ்வொரு நொட்டையையும் நீ கட்டளையாக எடுத்துக்கொண்டு, ஒன்று விடாமல் நிறைவேற்றி வைத்திருந்தாய். வாயைக் கொடுத்து இப்படி மாட்டிக்கொண்டேனே என்று அழுகை வந்துவிட்டது. புரோக்கர், "சந்தோஷத்துல அழறீங்களா மேடம்?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். பிப்ரவரியிலிருந்து சொன்ன பொய்களில் அதுவும் ஒன்று.

எனக்கு அறை வேண்டாம் தம்பி. பாலத்திலும் வேண்டாம், கடைசியிலும் வேண்டாம். எனக்கு ஒன்று இருக்கிறது.

அம்மா போனபோது உனக்குத் தலைவாரத் தெரியாது. பிறகு உன் படிப்பு, பிறகு படுக்கையில் விழுந்த அப்பா. அந்த வருடங்களில் ஒரு நாளையும் நான் சுமை என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் தூங்கும்போதுகூட என் ஒரு காது விழித்தே இருந்தது. இந்த மாடிக்கு வந்த புதிதில், கீழே பேக்கரிக்காரர் தட்டைப் போட்டால்கூட, "இதோ வரேம்ப்பா" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தேன். வெயில் சுவரில் பாதி தூரம் ஏறியிருந்தது. யாரும் கூப்பிடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை, அப்படியே கிடந்தேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்றுதான் இத்தனை காலமும் மென்று விழுங்கினேன்.

நான் ஒண்டிக்கட்டை இல்லை. தனியாக இருக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

புதன்கிழமை வேலை என்ன என்று கேட்டாயே. நீச்சல். சிரிக்காதே. முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் அனுப்பினார். நகராட்சிக் குளத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. முதல் நாள் கம்பியைப் பிடித்தவள், ஒரு மாதத்துக்கு விடவே இல்லை. சொல்லித் தருகிற பெண், "அம்மா, அந்தக் கம்பி எங்கயும் ஓடிடாது, நீங்க கொஞ்சம் ஓடுங்க" என்றாள். இப்போது விட்டுவிட்டேன். மல்லாந்து மிதக்கிறேன். காதில் தண்ணீர் புகுந்ததும் அப்படித்தான். தண்ணீருக்குள் காது இருக்கும்போது உலகத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

நீ எழுதாத ஒன்றும் எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் வேலையில் இருக்க, சின்னவன் பள்ளி விட்டு வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டும். நீ அதைக் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக அறை வரைந்தாய். கேட்டிருந்தால் நானும் இத்தனை வீட்டில் குற்றம் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஞாயிறைப் போல வெள்ளிக்கிழமையும் கடைக்கு விடுமுறை. நீங்கள் பாலத்துக்கு வந்தால் ஒவ்வொரு வெள்ளியும் வந்து கதவைத் திறந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, வீட்டுப் பாடம் எழுத வைத்துவிட்டுப் போவேன். மற்ற நாட்களுக்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும். என் அறைக்காக உங்கள் வாழ்க்கையை ரயிலில் கழிக்காதீர்கள்.

உன்னிடம் 'மாட்டேன்' என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

என்றும் உன் அக்கா

மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நர்ஸம்மா எழுதுகிறேன். பிள்ளைகள் நலம். உங்கள் தம்பி உடம்புக்கும் ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு வரைபலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, "அவளுக்கு நாம வேண்டாமாம்" என்றார். "அப்படி எந்த வரியில இருக்கு? காட்டுங்க" என்று கடிதத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். தேடினார். சோறு ஆறும் வரை தேடினார். கிடைக்கவில்லை.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு வரைபடத்திலும் 'அக்கா அறை' என்று பார்க்கும்போது எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அண்ணி வந்துவிடுவார்கள், இனி பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்தேனே தவிர, அண்ணிக்கு என்ன பிடிக்கும் என்று நினைக்கவில்லை. உங்களை ஒரு வீட்டுச் சாவியாகத்தான் எண்ணியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது அண்ணி.

ஆஸ்பத்திரியில் இனி காலை ஷிஃப்ட்தான் வேண்டும் என்று கேட்டேன். மேட்ரன் முறைத்தார். நானும் முறைத்தேன். கொடுத்துவிட்டார். பள்ளி விட்டதும் நானே வீட்டில் இருப்பேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தால் நான் கடைத்தெருவுக்குத் தனியாகப் போகப் போகிறேன். எதுவும் வாங்க அல்ல, சும்மா. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது.

கையெழுத்து போடவில்லை. நீங்கள் சொன்ன இரண்டறை வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது, அதையே பேசி முடித்துவிட்டோம். பெரியவள் குதிக்கிறாள். சின்னவனுக்கு மாதம் ஒரு தடவை கடைசி வரை போய் எஞ்சின் காட்டுவதாக ஒப்பந்தம்.

நேற்று இவரிடம் ஒன்று கேட்டேன். "இத்தனை அறை வரைஞ்சீங்களே, அவங்க இப்ப இருக்கிற அறையை ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?" எழுந்து போய் ரயில் நேரத்தைப் பார்த்தார். நீங்கள்தானே எப்போதும் இங்கே வருகிறீர்கள். இந்த ஞாயிறு அவர் உங்களிடம் வருகிறார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், ஆச்சரியப்படுவது போல நடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் நர்ஸம்மா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பாலத்துக்குக் குடிவந்துவிட்டோம். எல்லோரும் நலம். என் கால்கள்தான் கெஞ்சுகின்றன. ரயிலில் நின்றே வந்து நின்றே போகிறேன். உன் முழங்காலைப் பற்றி இனி கேட்க மாட்டேன். உன் மாடிப்படியில் நீ எனக்கு முன்னால் ஏறிய வேகத்தைப் பார்த்த பிறகு என்ன கேட்பது? படி ஆகாது என்று எழுதிய ஆள்!

அன்று உன் அறையில் நான் சரியாகப் பேசவில்லை. மனத்தாங்கல் இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன். உன்னை அழைத்து வந்து வைத்துக்கொள்வதுதான் உனக்கு நான் செய்ய வேண்டியது என்று பள்ளியில் படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். நீ அதை வேண்டாம் என்றதும், இத்தனை நாள் சேர்த்து வைத்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

நீ டீ போட்டுக்கொண்டிருந்தாய். இருக்கிற ஒரே நாற்காலியில் என்னை உட்கார்த்திவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் நீ பாடி நான் கேட்டதே இல்லை. கொடியில் நீச்சல் உடையும் துண்டும் காய்ந்துகொண்டிருந்தன. கீழேயிருந்து ரொட்டி வாசனை வந்தது. கட்டில் மேல் ஒரு புத்தகம் கவிழ்த்தபடி கிடந்தது, அதை யாரும் எடுத்து ஒழுங்குபடுத்தப் போவதில்லை. நான் வரைந்த எந்த அறையிலும் இதையெல்லாம் வரையத் தோன்றவில்லை.

கை சும்மா இருக்கவில்லை. நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது சாணால் சுவர்களை அளந்துகொண்டேன். வரைபடம் இதனுடன் இருக்கிறது. ஜன்னல், கட்டில், அடுப்பு, நாற்காலி, கொடி எல்லாம் இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். எதையும் நகர்த்தவில்லை. தலைப்பு மட்டும் பழையதுதான்.

வெள்ளிக்கிழமை பார்ப்போம்.

தம்பி

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

'அக்கா அறை' வந்து சேர்ந்தது. கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். படுத்துக்கொண்டு பார்த்தால் நான் படுத்திருக்கிற இடமே தெரிகிறது. முதல் நாள் பார்த்துக்கொண்டே இருந்ததில் கடைக்கு நேரமாகிவிட்டது. மனத்தாங்கல் மிச்சம் இருந்தால் வெள்ளிக்கிழமை எடுத்து வை, சாப்பிட்டுக்கொண்டே தீர்த்துவிடுவோம்.

பிள்ளைகளைப் பள்ளி விடுமுறையில் இங்கே அனுப்பு. நாற்காலி ஒன்றுதான். இன்னொன்று வாங்குவதாக இல்லை. கட்டிலில் உட்காரட்டும், ஜன்னல் திண்டில் உட்காரட்டும். குளத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

வரைபடத்தில் ஒரே ஒரு தப்பு. என் கண்ணுக்குத் தப்புமா? வாசல் கதவு வெளியே திறப்பது போல வரைந்திருக்கிறாய். அது உள்பக்கம்தான் திறக்கும். அடுத்த தடவை வரும்போது பார்.

தட்டிவிட்டுத் தள்ளு.

உன் அக்கா